லியனார்ட் போட்ட ஈயம்

லியனார்ட் ஒரு கன்ட்ரோலரைச் சோதித்துப் பார்ப்பதை முதல் தடவை காண்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். வீடியோ கேம் ஆடுகிறவர்கள் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும் சாமான் அது. அவன் அதைக் கையில் பிடித்துப் பார்க்க மாட்டான். காதுக்குக் கீழே, தாடை எலும்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவான். உள்ளே மோட்டார் ஓட ஓட அவன் கன்னம் முழுக்கக் கிடுகிடுவென்று ஆடும். பல்வலிக்காரன் ஒத்தடம் கொடுப்பது மாதிரி இருக்கும். பிரிக்பீல்ட்ஸில் ஒரே கடையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் அவன் ரிப்பேர் மேசையும் மறுபாதியில் என் தையல் மெஷினும் போட்டிருந்தோம். முதல் வாரம் நானும் சிரித்தேன். அப்புறம் அவன் வலது கையைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

என் பெயர் புனிதா. ரவிக்கை தைப்பவள். எனக்கு வாய் நீளம் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பொய்யில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு விஷயத்தில் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். லியனார்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கன்ட்ரோலருக்குள் இரண்டு குட்டி மோட்டார் இருக்கும். ஒவ்வொன்றின் தண்டு நுனியிலும் ஒரு பக்கமாக மட்டும் கனம் வைத்த அரைவட்ட உலோகத் துண்டு. மோட்டார் சுற்றும்போது அந்தத் துண்டு தாறுமாறாக இழுக்கும். அந்த இழுப்புதான் கையில் அதிர்வாக வருகிறது. இடது கைப்பிடியில் இருப்பது பெரியது, மெதுவாக உறுமும். வலது பக்கத்தது பொடியது, வண்டு மாதிரி ரீங்கரிக்கும். திரையில் ஒருவனைக் குத்தினால் குத்தியது கையில் தெரியும். காரைச் சுவரில் மோதினால் மோதியது தெரியும்.

"அடிச்சா, அடிச்ச கைக்குத் தெரியணும் அக்கா. அதுக்குத்தான் இந்த வைப்ரேஷன்" என்று லியனார்ட் எனக்குப் பாடம் எடுத்தான்.

"வெளையாட்டுக்கு இவ்ளோ பாடா?" என்றேன்.

"வெளையாட்டுலயாவது தெரியட்டும் லா."

அவனிடம் வரும் கன்ட்ரோலர்களில் பாதிக்கு மேல் தோற்ற ஆத்திரத்தில் எறிந்தவை. கொண்டு வருகிறவன் ஒருவனும் அதைச் சொல்ல மாட்டான். "விழுந்துடுச்சு பாஸ்" என்பார்கள் எல்லாரும். அவர்கள் போன பிறகு லியனார்ட் கன்ட்ரோலரின் பிளாஸ்டிக் ஓட்டைத் திருப்பிப் பார்த்து எனக்கு ஜாதகம் வாசிப்பான். "இது டைல்ஸ்ல எறிஞ்சது, முனை நொறுங்கியிருக்கு. இது சுவரு, பெயின்ட் ஒட்டியிருக்கு. இவன் மெத்தை மேல எறிஞ்சிருக்கான், கட்டில் கால்ல பட்டுடுச்சு. ஆளு கொஞ்சம் நல்லவன்." சிலதில் ரத்தம் இருக்கும். மேசையில் குத்திக் கையைக் கிழித்துக்கொண்டவர்கள். அதையெல்லாம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுப்பான். வந்தவர்களின் வீட்டு விஷயத்தைக் கேட்பதில்லை என்பது அவன் கடைச் சட்டம். என் கடைச் சட்டமும் அதுதான்.

லியனார்ட் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் பிறந்தவன். துறைமுகத்தில் லோரி ஓட்டிய அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா கெர்ட்ரூட் பள்ளிக்கூட கேன்டீனில் சமைத்து வளர்த்தார். வளர்த்தது என்னவோ ஒழுங்காகத்தான். ஆனாலும் இருபத்தொரு வயதில் அவன் ஒரு கும்பலில் இருந்தான். இங்கே கும்பல்களுக்கு நம்பர்தான் பெயர்; எந்த நம்பர் என்று நான் எழுத மாட்டேன், எனக்கும் வீடு குடும்பம் இருக்கிறது. ஆள் உயரம், தோள் அகலம். யாரையாவது அடிக்க வேண்டும் என்றால் அவனைத்தான் அனுப்புவார்கள்.

கன்டெய்னர் லோரி ஓட்டுநர் பக்கிரிசாமியை அப்படித்தான் அடித்தான். கும்பலுக்குப் படியாத மனுஷர் அவர். மத்தியானம் இரண்டு மணி, லோரிகள் வரிசையாக நிற்கும் இடம். லியனார்ட் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி, அதன் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முகத்திலேயே அடித்தான். அவர் டயரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். சரிந்த பிறகும் அடித்தான். அவர் கையைத் தூக்கிக் கும்பிட்டார், கும்பிட்ட கையின் மேலும் அடி விழுந்தது. மூக்கு எலும்பு உள்ளே போனது. இடது கண் போயே போனது.

எத்தனை தடவை அடித்தாய் என்று போலீஸ் பிற்பாடு கேட்டபோது "நாலு, அஞ்சு" என்று சொன்னானாம். டாக்டர் எழுதிய அறிக்கையில் பதினேழு காயம் இருந்தது. "பொய் சொல்லல அக்கா. ஹெல்மெட் நடுவுல இருந்துச்சு. என் கைக்கு ஒண்ணுமே தெரியல" என்று பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

போலீஸ் பிடிப்பதற்கு முன்னால் எதிர்க் கும்பல் பிடித்துவிட்டது. நாலாம் நாள் காலை பத்து மணிக்கு, சின்ன வயதிலிருந்து கூடவே திரிந்த ரோனியுடன் அவன் சாப்பாட்டுக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தான். இரண்டு காரில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். எல்லார் கையிலும் பாராங் கத்தி. முதல் வெட்டு ரோனியின் கழுத்தில் விழுந்தது. ரோனி பிய்த்த ரொட்டியைக் கையில் வைத்தபடியே மேசை மேல் கவிழ்ந்தான், எழுந்திருக்கவில்லை. அடுத்த வெட்டு லியனார்டின் தலைக்கு வந்தது. அவன் வலது கையைக் குறுக்கே கொடுத்தான். கத்தி மணிக்கட்டுக்குள் இறங்கி எலும்பில் மாட்டிக்கொண்டது. வெட்டியவன் அவன் தோளில் காலை வைத்து மிதித்துத்தான் அதை உருவினானாம். பசியாற வந்த ஐம்பது பேர் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கையைத் தைத்துவிட்டார்கள். விரல்கள் மடங்கும், நீளும். உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. பற்றவைக்கும் சூட்டுக்கோல் பட்டால், கருகுகிற வாசம் மூக்குக்கு வந்த பிறகுதான் அவனுக்குத் தெரியும். அந்தக் கையோடு ஏழு வருஷம் ஜெயிலில் இருந்தான். வெளியே வந்த அன்றைக்கே கெர்ட்ரூட் அவனை நேராகக் கோயிலுக்கு இழுத்துப்போய் அந்தோணியார் முன்னால் முழந்தாளிட வைத்தார். இனி எவன் மேலும் கை வைக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். "வச்சேன்னா அன்னிக்கே நான் செத்துட்டேன்னு நெனைச்சிக்க" என்றாராம். கெர்ட்ரூட் ஆன்டி மிரட்டலுக்குப் பேசுகிறவர் இல்லை.

சத்தியத்தைப் பதினோரு வருஷம் காப்பாற்றினான். பார்க்கிங் சண்டைக்கு வந்து சட்டையைப் பிடித்தவனிடம்கூட "சாரி பாஸ்" என்றுதான் சொன்னான். எனக்கே கோபம் வரும்.

ஈயம் அவனுடைய கண்டுபிடிப்பு. கையில் உணர்ச்சி இல்லாதவனுக்குக் கம்பெனி வைத்துக் கொடுத்த அதிர்வு போதவில்லை. பண்டமாரானில் தூண்டில் சாமான் விற்கிற கடையிலிருந்து ஈயக்குண்டு வாங்கிவந்து, சுத்தியலால் தட்டி, மோட்டார் நுனித் துண்டின் மேல் சுற்றினான். கன்ட்ரோலர் கையிலிருந்து துள்ளி விழுந்தது. அது துள்ளாமல் இருக்கக் கைப்பிடிகளுக்குள்ளும் ஈயத்தைத் திணித்தான். இப்போது அதை எடுத்தால் அம்மிக் குழவியைத் தூக்கின மாதிரி இருந்தது. ஆடிப் பார்த்த பையன்கள் அசந்துபோனார்கள். காஜாங்கிலிருந்தும் டெங்கிலிலிருந்தும் தேடி வந்தார்கள். "கிள்ளான் கனம்" என்று அவர்களே பெயர் வைத்தார்கள். "இப்ப ஒருத்தன அடிச்சிப் பாரு, முழங்கை வரைக்கும் தெரியும்" என்பான் லியனார்ட். அவன் பெருமையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

முகுந்தனும் அதற்காகத்தான் வந்தான். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. கடைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடியில் வீடு. அவன் சட்டை கசங்கி நான் பார்த்ததே இல்லை. உள்ளே நுழைந்ததும் "வணக்கம் அக்கா" என்று எனக்குத்தான் முதல் வணக்கம். என் வாயிலிருந்து நல்ல பேர் வாங்குவது லேசான காரியமில்லை, அவன் வாங்கியிருந்தான். அவனுக்கும் டீனாவுக்கும் கல்யாணம் நடந்தபோது டீனாவின் ரவிக்கையை நான்தான் தைத்தேன். அவள் காஜாங்கில் ஒரு மெதடிஸ்ட் வீட்டுப் பெண், இவன் இந்து. இரண்டு வீட்டையும் எதிர்த்துக்கொண்டு செய்த கல்யாணம். திரும்பிப் போனால் கதவைத் திறக்க மாட்டார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

முகுந்தனுடைய கன்ட்ரோலருக்கு லியனார்ட் ஈயம் போட்டுக் கொடுத்தான். அதற்கப்புறம் அவன் மூன்று தடவை அதைக் கொண்டுவந்தான். ஒவ்வொரு தடவையும் "விழுந்துடுச்சு பாஸ்" என்றான். மூன்று தடவையும் டைல்ஸ்.

அதே ஆறு மாதத்தில் டீனா என்னிடம் ரவிக்கைக் கையை நீளமாக இறக்கச் சொல்லி வந்துகொண்டிருந்தாள். கல்யாணத்துக்குத் தோளோடு நின்ற கை, முதலில் நாலு இஞ்ச் இறங்கியது. பிறகு முழங்கை. பிறகு முக்கால் கை. கடைசியில் மணிக்கட்டு வரை முழுக்கை. இந்த ஊர் வெயிலுக்கு எவள் முழுக்கை போடுவாள்? அளவெடுக்க டேப்பைச் சுற்றும்போது அவள் பல்லைக் கடிப்பாள். "கதவுல இடிச்சிக்கிட்டேன் அக்கா" என்பாள். நான் கேட்காமலே சொல்வாள். நானும் டேப்பில் பார்த்த அளவை நோட்டில் எழுதிக்கொண்டு, சனிக்கிழமை வந்து வாங்கிக்கோ என்பேன். ஊர்க்கதை அத்தனையும் பேசுகிற வாய் எனக்கு. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு டீனா முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தாள். ரவிக்கை வாங்க வரவில்லை. நேராக லியனார்டின் மேசைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தாள்.

"விழுந்துடுச்சு அண்ணே. ரெண்டு மணிக்குள்ள வேணும். அவரு ஆபீஸ் போயிருக்காரு, வரதுக்குள்ள சரியாயிருக்கணும்."

லியனார்ட் அதை எடுத்துத் திருப்பினான். வழக்கமாக ஒரு பார்வையில் முடித்துவிடுவான். அன்றைக்குத் திருப்பிக்கொண்டே இருந்தான். முனை நொறுங்கவில்லை. பெயின்ட் ஒட்டவில்லை. இடது கைப்பிடியின் இணைப்பு மட்டும் வாய் பிளந்திருந்தது. அந்தப் பிளவுக்குள் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. அவன் சிறு கிடுக்கியால் அதிலிருந்து ஒரு நீள முடியை இழுத்தான். பிறகு இன்னொன்று. மூன்றாவது முடியின் நுனியில் தோல் இருந்தது.

"இது எங்க பட்டுச்சு மா?"

"டைல்ஸ்ல."

"டைல்ஸ்ல படலயே. மெத்துனு ஒண்ணுல பட்டிருக்கு. பல தடவ பட்டிருக்கு."

நான் மெஷினை நிறுத்தினேன். எழுந்து போய் அவள் முகக்கவசத்தைக் கழற்றினேன். அவள் தடுக்கவில்லை. இடது கன்னம் ஊதி, கண் ஒரு கோடாக இருந்தது. உதட்டைத் திறந்தபோது மேல் வரிசையில் இரண்டு பல் இல்லை. காதுக்குப் பின்னால் முடியோடு சேர்ந்து ரத்தம் கட்டிப்போயிருந்தது.

"வெளையாண்டுட்டு இருந்தாரு. சாப்பிட வரீங்களான்னு கேட்டேன். அந்த நேரத்துல தோத்துட்டாரு" என்றாள். "கையில இருந்ததால அடிச்சிட்டாரு. வேணும்னு எடுத்து அடிக்கல. கழுவிட்டு ஒட்டிக் குடுங்கண்ணே. காத்தால அதப் பாத்துட்டு, ஒடைச்சது நீதான், நீயே போய் சரி பண்ணிட்டு வான்னு சொல்லிட்டுப் போனாரு."

லியனார்ட் திருகாணிகளைக் கழற்றி ஓட்டைப் பிரித்தான். உள்ளே, அவன் கையால் திணித்த ஈயம் ஒரு பக்கமாக நசுங்கிக் கிடந்தது. அவன் அதை வெளியே எடுத்து மேசையில் வைத்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"இத வச்சது நான்தான்" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

"சீக்கிரம் கழுவுங்கண்ணே."

"கழுவ மாட்டேன். இத எடுத்துக்கிட்டு போலீஸ் பாலாய்க்குப் போவோம். நானும் வரேன், அக்காவும் வருவாங்க. போலீஸ் இதப் பாக்கட்டும்."

"போலீஸ்னா நான் செத்தேன். ஒங்களுக்கு என்னா தெரியும் அவரப் பத்தி? நீங்க கழுவலன்னாலும் செத்தேன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ரெண்டு மணிக்குக் கடை மூடிவிடும் என்பது மாதிரி சொன்னாள். அவளைத் திரும்ப அந்த வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த தடவை கன்ட்ரோலரை எடுத்து வர அவள் இருக்க மாட்டாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அளவெடுக்கும் திரைக்குப் பின்னால் அவளை அழைத்துப்போனேன். அந்த முழுக்கையை நானே கழற்றினேன். மணிக்கட்டிலிருந்து தோள் வரை பச்சையும் மஞ்சளுமாக அடி. நடுவில் முக்கோணமாக நாலு தழும்பு, தோல் சுருங்கிப் பளபளவென்று. தையல்காரிக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இஸ்திரிப்பெட்டியின் முனை.

"சட்டையில மடிப்பு விழுந்தா" என்றாள் டீனா.

நான் திரைக்குள் நின்றபடியே போனை எடுத்து போலீசுக்கு அடித்தேன். அவளைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். பேசி முடிப்பதற்குள் வெளியே "வணக்கம் பாஸ்" என்று குரல் கேட்டது.

அவள் போனில் அவன் ஏதோ போட்டு வைத்திருந்தானாம், எங்கே போனாலும் காட்டிவிடும். கடையில் அரை மணி நேரமாக என்ன வேலை என்று பார்க்க ஆபீசிலிருந்து கிளம்பி வந்துவிட்டான். திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, ஒரு மடிப்பில்லை.

"எங்க பாஸ் அவ?"

"இங்க இல்ல" என்றான் லியனார்ட். எழுந்து திரைக்கும் அவனுக்கும் நடுவில் நின்றான்.

முகுந்தன் மேசையைப் பார்த்தான். பிரித்துப்போட்ட ஓடு, ஈயம், வெள்ளைத் தாளில் வரிசையாக மூன்று முடி. அவன் முகம் ஒன்றும் மாறவில்லை. பக்கத்தில் இன்னொருவனுக்காகக் கனம் போட்டுத் தயாராக வைத்திருந்த கன்ட்ரோலரை எடுத்தான். அதைக் கையில் ஒரு தடவை தூக்கிப் பார்த்தான். அடுத்த நிமிஷம் லியனார்டின் தாடையில் அடித்தான்.

எலும்பு உடைகிற சத்தம் எனக்குத் திரைக்குள் கேட்டது. லியனார்ட் கையைத் தூக்கவில்லை. இரண்டாவது அடி அதே இடத்தில் விழுந்தது. வாயிலிருந்து ரத்தம் கொட்டி என் பக்கத்துத் தரை வரை தெறித்தது. மூன்றாவது அடிக்கு முழங்கால் மடிந்து விழுந்தான். விழுந்தவனை முகுந்தன் பளபளப்பான சப்பாத்துக் காலால் விலாவில் உதைத்தான். ஒரு தடவை, இரண்டு தடவை, நின்று சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் உதைத்தான். லியனார்ட் உருண்டு போய்த் திரையின் முன்னாலேயே குறுக்காகப் படுத்துக்கொண்டான். கை மட்டும் தூக்கவில்லை. பாழாய்ப்போன சத்தியம்.

முகுந்தன் அவனை மிதித்துத் தாண்டித் திரையைக் கிழித்தான். டீனாவின் முடியைப் பிடித்தான், நேற்றைய காயத்துக்கு மேலேயே. நான் துணி அளக்கும் மரக்கோலால் அவன் முதுகில் அடித்தேன். கோல் இரண்டாக உடைந்தது. அவன் புறங்கையால் என்னைத் தள்ளினான், நான் மெஷினில் போய் இடித்தேன். டீனாவைத் தரையோடு இழுத்தான். அவள் கத்தவில்லை. கத்திப் பழக்கமில்லாதவள் மாதிரி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். அவன் கன்ட்ரோலரை ஓங்கி அந்தக் கையின் மேல் அடித்தான். விரல் முறிந்தது. மறுபடியும் ஓங்கினான்.

அப்போது லியனார்ட் எழுந்தான். பக்கத்தில் என் இஸ்திரிப்பெட்டி இருந்தது, பழைய மாடல், நல்ல கனம். அவன் வலது கை அதை எடுத்தது. முகுந்தனின் பின்தலைக்கு நேராக அது உயர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். போடு என்று என் மனசு சொன்னது. நிஜமாகத்தான் எழுதுகிறேன், கொன்று போடு என்றுதான் சொன்னது.

அவன் ஒரு கணம் தன் கையைப் பார்த்தான். பெட்டியைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தான். வலது கையால் முகுந்தனின் சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பி, இடது கையால் முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்து வெள்ளைச் சட்டை சிவந்தது. மறுபடியும் குத்தினான். கன்ட்ரோலர் கீழே விழுந்து உருண்டது. மூன்றாவது குத்தில் முகுந்தனின் கண் சொருகிக் கால் தளர்ந்தது. லியனார்ட் "ஆ" என்று முனகி இடது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டான். அவ்வளவுதான். நாலாவது இல்லை. காலரை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான். போலீஸ் வரும்வரை அங்கேயே, டீனாவுக்கும் முகுந்தனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் கெர்ட்ரூட் ஆன்டியோடு நானும் மருத்துவமனைக்குப் போனேன். கட்டில் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பழைய கேஸ் இருக்கிறவன், திரும்ப உள்ளே போனாலும் போவான் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே போயிருந்தேன். லியனார்டின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். இடது கையில் மாவுக்கட்டு. கெர்ட்ரூட் கட்டிலுக்கு அருகே போய் நின்றார். அழவில்லை, தொடவில்லை.

"எந்தக் கையாலடா அடிச்ச?"

அவன் மாவுக்கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் அசைத்தான்.

"எத்தன?"

வலது கையைத் தூக்கினான். உணர்ச்சியில்லாத விரல்களில் மூன்றை நீட்டினான். பிறகு கம்பிக் கட்டுக்குள்ளிருந்து, பல்லைத் திறக்காமலே பேசினான். "மூணாவதுல எலும்பு ஒடைஞ்சிடுச்சு மா. தெரிஞ்சிச்சு. நிறுத்திட்டேன்."

கெர்ட்ரூட் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, மைலோவை ஊற்றி, ஸ்ட்ராவை அவன் உதட்டோரம் வைத்தார். அப்புறம்தான் அழுதார்.

டீனா வாக்குமூலம் கொடுத்தாள். கழுவாத கன்ட்ரோலரையும் மூன்று முடியையும் போலீஸ் எடுத்துப்போனது. முகுந்தன் மேல் வழக்குப் போட்டார்கள். லியனார்டை விசாரித்து, இப்போதைக்கு வெளியே விட்டிருக்கிறார்கள். டீனாவை கெர்ட்ரூட் ஆன்டி பண்டமாரானில் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டார். யாரையும் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்து லியனார்ட் மேசைக்குத் திரும்பினான். ஈயம் போட்டுக் கொடுத்த அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பினான், கொண்டு வாருங்கள், எடுத்துவிடுகிறேன் என்று. காஜாங் பையன்கள் திட்டிக்கொண்டே கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து ஈயத்தைச் சுரண்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டான். ஆனால் சரிபார்க்க வழியில்லை. தாடை இன்னும் ஆறவில்லை. இடது கையில் கட்டு. வலது கைக்கு ஒன்றும் தெரியாது.

"அக்கா, கொஞ்சம் பிடிங்க" என்றான்.

அத்தனை வருஷத்தில் நான் ஒன்றைக்கூடக் கையில் வாங்கியதில்லை. இரண்டு கையாலும் பிடித்தேன். அவன் பட்டனை அழுத்தினான். இடது உள்ளங்கையில் அது உறுமியது, எலும்பு வரை ஏறியது.

"தெரியுதா?"

"தெரியுதுடா" என்றேன். அது நின்ற பிறகும் நான் அதைக் கீழே வைக்கவில்லை. எனக்கு டீனாவின் கன்னம் நினைவுக்கு வந்தது. நான் டேப் சுற்றிய கை நினைவுக்கு வந்தது. அவன் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை, அடுத்ததைப் பிரிக்க ஆரம்பித்தான்.

போன வாரம் டீனா வந்தாள். முன்பல் இரண்டும் இல்லாமலே கொஞ்சம் சிரித்தாள். கையில் நான் தைத்த முழுக்கை ரவிக்கை.

"திங்கக்கெழமை கோர்ட்டு அக்கா. இதுல கையை எடுத்துடுங்க."

"எவ்ளோ குறைக்கட்டும்?"

"முழுசா எடுத்துடுங்க. ஜட்ஜ் பாக்கட்டும். அவனும் பாக்கட்டும்."

அவன் என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. புதுத் திரைக்குப் பின்னால் அவளைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தோளுக்குக் கீழே நாலு முக்கோணமும் அப்படியே இருந்தன. தைத்த கையை எடுப்பதென்றால் தையலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும், துணியில் கத்தரி வைக்கக்கூடாது. முப்பது வருஷத் தையல்காரி, எனக்குத் தெரியாதா. ஆறு மாதம் நான் இஞ்ச் இஞ்சாக இறக்கிய கை அது. கத்தரியை எடுத்துத் தோளோடு வைத்து வெட்டினேன்.